கருவிலே திரு

அறிவிற் சிறந்து விளங்கும் குழந்தையைக் காணுங்கால், அது கருவிலே திருவுடையது என்று பாராட்டுவது தமிழ் வழக்கு. ஆசிரியர் ஒருமுறை சொன்னதை உடனே பற்றிக்கொள்ளும் மாணவனுக்கும், சிறு வயதிலேயே பாட்டுக் கட்டும் பிள்ளைக்கும் இத்தொடர் மாலையாகச் சூட்டப்படுகிறது. ஆனால் மாலையாகப் பயன்படும் இத்தொடர் மற்றொருவனுக்கு விலங்காகவும் பயன்படுவதுண்டு. பாடம் ஏறாத மாணவனைப் பற்றிய பேச்சு எழும்போது, "அவனுக்குக் கருவிலேயே அது அமையவில்லை, ஆசிரியர் என்ன செய்ய முடியும்?" என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒருங்கே கை விரித்துவிடுகின்றனர். புகழ்வதற்கென்று தோன்றிய தொடர், பொறுப்பைக் கழற்றிவிடும் தொடராகவும் ஆகிவிட்டது.

ஆகவே, கருவில் உண்மையாக நிகழ்வது யாது, அதனைப் பற்றித் தமிழ் நூல்கள் கொண்டிருந்த கருத்து எத்தகையது, அக்கருத்துகளுள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவை ஆராய்தற்குரியன. இத்துறையில் இரு சாரார் வழி தவறுகின்றனர். இன்றைய மருத்துவம் கண்டவை அனைத்தையும் முன்னோர் அன்றே பாடிவைத்தனர் என்பார் ஒரு சாரார். பழம் பாடல்களில் மூட நம்பிக்கையன்றி வேறில்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பாட்டைப் படிப்பதில்லை; படிக்கு முன்னரே தீர்ப்பை எழுதிவிடுகின்றனர்.

திருமூலர் கூற்று

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கருப்பக் கிரியை என்று ஒரு பகுதி உண்டு. உயிர் கருவில் அமைவதையும், உடல் உருப்பெறுவதையும், குழந்தைக்கு நேரும் குறைகளையும் அப்பகுதி பேசுகிறது. அதில் வரும் பாடல் ஒன்று தாயின் வயிற்று நிலையைக் குழந்தையின் அறிவோடு நேரே தொடர்புபடுத்துகிறது. தாயின் வயிற்றில் மலம் மிகுந்தால் குழந்தை மந்தனாகும். நீர் மிகுந்தால் ஊமையாகும். இரண்டும் ஒத்து மிகுந்தால் கண்ணற்றதாகும் என்பது அப்பாடலின் கருத்து. இதற்கு முன்வரும் பாடல் குறள், முடம், கூன் ஆகிய உடற்குறைகளை மூச்சுக் காற்றின் நிலையால் விளக்குகிறது.

பாடல் கூறும் காரணத்தை இன்று எவரும் ஒப்புக்கொள்ளுதல் இயலாது. மலச்சிக்கலால் மந்த புத்தி விளைவதில்லை. குடலும் கருப்பையும் அடுத்தடுத்து இருப்பினும் வெவ்வேறு உறுப்புகள். குடலில் உள்ளது கருவைச் சென்று தொடுவதில்லை. காரணத்தைப் பொறுத்தவரை இப்பாடல் பிழைபட்டது என்று தயங்காமல் கூறலாம். பாட்டைக் காப்பாற்றும் நோக்கத்தோடு மலம் என்பதற்கு வேறு பொருள் கற்பித்து, அதனைத் தற்கால வேதியியலோடு பொருத்திக் காட்டுவது உரை காண்பதாகாது.

எனினும், விடை பிழையானதால் வினாவும் பிழையானது என்று முடிவு கட்டுதல் கூடாது. மந்தம், ஊமை, குருடு ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தொகுத்து, அம்மூன்றுக்கும் காரணம் தாயின் உடல் நிலையில் தேடத்தக்கது என்று கருதியது இப்பாடலின் தனிச் சிறப்பு. பிறவிக் குறைகள் அனைத்தையும் முன்வினையின் மேல் ஏற்றிவிடுதல் எளிதாக இருந்த சூழலில், சைவ சமய நூல் ஒன்றே இவ்விடத்தில் உடலைச் சுட்டுகிறது. உடலில் காரணம் உண்டு எனில், உடலைப் பேணினால் குறையைத் தடுக்கலாம் என்னும் எண்ணத்துக்கும் அங்கே இடம் உண்டாகிறது. அவ்வழியே மேற்சென்று சோதித்தறியும் முறை அக்காலத்தில் அமையவில்லை. அது 20ஆம் நூற்றாண்டில் அமைந்தது.

உப்பும் அறிவும்

1941ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், பிறக்கும்போதே கண்ணில் புரை படர்ந்திருந்த குழந்தைகள் மிகுதியாக வருவதைக் கண்டார். தாய்மாரை வினவியபோது, அவருள் பெரும்பாலோர் கருவுற்ற தொடக்க மாதங்களில் ஜெர்மன் அம்மை என்னும் ரூபெல்லா நோயால் வருந்தியவர் என்பது தெரியவந்தது. அவர் எடுத்துக்காட்டிய 78 குழந்தைகளுள் 68 பேரின் தாய்மாருக்கு அந்நோய் கண்டிருந்தது. அந்நோயால் செவிப்புலன் இழந்த குழந்தைகளும் உண்டென்பது பின்னர் வெளிப்பட்டது. தாய்க்குச் சில நாள் காய்ச்சலும் தடிப்புமாக வந்து போன நோய், குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் நீங்காத குறையாயிற்று.

இதனினும் தெளிவான சான்று அயோடின் என்னும் பொருளைப் பற்றியது. மழையால் மண் அரித்துச் செல்லப்பட்ட மலைப்பகுதிகளில் நிலத்திலும் நீரிலும் அயோடின் குறைந்திருக்கும். அப்பகுதி மக்களுக்குக் கழுத்தில் கழலை தோன்றும். அங்கே பிறக்கும் குழந்தைகளுள் சில, வளர்ச்சி குன்றியும், செவியும் பேச்சும் இழந்தும், அறிவு மழுங்கியும் இருக்கும். ஆல்ப்ஸ் மலையிலும் இமயமலையிலும் இந்நிலை நெடுங்காலம் காணப்பட்டது. சரவாக்கின் உட்பகுதிகளிலும் கழலை நோய் பரவலாக இருந்ததுண்டு. சுவிட்சர்லாந்து 1922ஆம் ஆண்டு முதல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது.

ஆனால் குழந்தையின் அறிவுக் குறைக்குத் தாயின் அயோடின் குறைவுதான் காரணம் என்பதை ஐயமற நிறுவியது பாப்புவா நியூகினியில் நடைபெற்ற சோதனை. அங்கே ஜிமி பள்ளத்தாக்கில் 1966ஆம் ஆண்டில் குடும்பம் விட்டுக் குடும்பமாக அயோடின் கலந்த எண்ணெய் ஊசியாகப் போடப்பட்டது; இடைப்பட்ட குடும்பங்களுக்கு வெறும் உப்பு நீர் ஊசி போடப்பட்டது. முடிவு 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது. அயோடின் பெறாத தாய்மாரின் குழந்தைகளுள் 26 பேருக்கு அக்கொடிய குறை கண்டது. அயோடின் பெற்றவருள் 7 பேருக்கே கண்டது. அவ்வெழுவருள்ளும் அறுவரின் தாய்மார், ஊசி போடப்பட்டபோதே கருவுற்றிருந்தவர். அவர்களுக்கு மருந்து கிடைத்தது. ஆனால் காலம் தாழ்த்திக் கிடைத்தது.

காலம் தாழ்ந்ததால் பயன் குறைந்தது ஏன் என்பதற்கும் விடை உண்டு. மூளை வளர்வதற்குத் தைராய்டு சுரப்பியின் நீர் தேவை. கருவில் உள்ள குழந்தையின் சுரப்பி ஏறத்தாழ 3 மாதங்கள் சென்ற பின்னரே தொழிற்படத் தொடங்குகிறது. அதுவரை குழந்தைக்கு வேண்டிய சுரப்பு நீரைத் தாயே வழங்குதல் வேண்டும். தாயிடம் அயோடின் இல்லையெனில் அவளுடைய சுரப்பியும் வறள்கிறது. குழந்தையின் மூளை அடித்தளத்திலேயே நலிகிறது. நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை உப்பில் அடங்கும் பொருளின் குறை, மந்தம், செவிடு, ஊமை என மூன்றாக விரிகிறது. திருமூலர் தொகுத்த குறைகள் உண்மையாகவே ஒருங்கு நிகழக்கூடியன. அவற்றின் காரணம் மலத்திலோ நீரிலோ இல்லை, மண்ணில் இருந்தது.

நஞ்சுக்கொடி என்னும் வேலி

கருவைச் சூழ்ந்த நஞ்சுக்கொடி, தாயின் உடலில் சேரும் தீமைகளைக் குழந்தையிடம் செல்லவிடாமல் தடுக்கும் வேலி என்று மருத்துவரே ஒருகாலத்தில் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையை உடைத்தவற்றுள் ஒன்று ஜப்பானின் மினமாட்டா நகரில் நேர்ந்த கொடுமை. தொழிற்சாலைக் கழிவில் இருந்த பாதரசம் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனுண்டவர் உடலில் புகுந்தது. 1956ஆம் ஆண்டில் அந்நோய் வெளிப்பட்டது. தமக்குப் பெரிய நோய்க்குறி ஏதுமில்லாத தாய்மார் சிலர், மூளை பெரிதும் பழுதுபட்ட குழந்தைகளைப் பெற்றனர். தாயின் உடலில் இருந்த நஞ்சு நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் திரண்டுவிட்டது. மதுவும் இவ்வாறே கடந்து செல்லும் என்பதும், அதனால் குழந்தையின் மூளை பாதிக்கப்படும் என்பதும் 1968ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவரும், 1973ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரும் வெளியிட்ட மருத்துவக் கட்டுரைகளால் தெளிவாயின.

மண்ணுண்ட மகளிர்

சங்கப் பாடல்களுக்கு வருவோமாயின், அங்கே வேறு வகையான பார்வை காணப்படுகிறது. கருவுற்ற மகளிரின் வேட்கைக்கு வயா என்று பெயர். மிகுந்த வேட்கை என்றே அச்சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் பொருள் காட்டும். குறுங்கோழியூர் கிழார் சேரமான் ஒருவனைப் பாடிய புறநானூற்று 20ஆம் பாடலில், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ணுதல் இயலாது, வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பதே உண்டு என்னும் கருத்து அமைந்துள்ளது. பகைவர் மண்ணுண்ணல் என்பது நாட்டைக் கைப்பற்றுதல். மகளிர் மண்ணுண்ணல் என்பது மசக்கை. ஒரே சொல்லை இரு பொருளில் நிறுத்தி அரசனின் காவலைப் புகழ்ந்தது புலவரின் திறம்.

பாட்டின் நயத்தைப் பாராட்டும் உரையாசிரியர்கள் அதனோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் கருவுற்ற பெண் மண்ணையும் சாம்பலையும் விரும்பி உண்பதற்கும் அவள் உடலில் இரும்புச்சத்துக் குறைவதற்கும் தொடர்பு உண்டென்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. குறைவு வேட்கையை விளைக்கிறதா, மண்ணுண்ணல் குறைவை விளைக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு இருப்பினும், இரண்டும் சேர்ந்து வருவதில் ஐயமில்லை. அவ்வாறாயின் புலவர் மன்னனின் பெருமைக்குச் சான்றாக நிறுத்திய மகளிர், இரத்தச் சோகையால் வெளுத்தவராக இருந்திருக்கவும் கூடும். பகைவரால் உண்ணப்படாத நாட்டிலும் குருதி குறைந்த தாய்மார் இருந்திருக்கலாம் என்பது, அப்பாடலைப் படிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. இதனைப் புலவரின் குற்றமாகக் கொள்ளுதல் ஆகாது. வயா ஓர் இயல்பு என்றே அவர் காலம் கருதியது. இன்றும் பலர் அவ்வாறே கருதுகின்றனர்.

வயிற்றிலுள்ள குழந்தை தனக்கு வேண்டிய இரும்புச்சத்தைப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து பெற்றுச் சேர்த்து வைக்கிறது. மூளையின் நரம்பிழைகளைச் சுற்றி உறை அமைவதற்கும் அச்சத்துத் தேவை. 2019 முதல் 2021 வரை நடந்த இந்தியத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கருவுற்ற மகளிருள் 52 விழுக்காட்டினர் இரத்தச் சோகையுடையவர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களுக்கு, உணவுக் குறைவோடு கொக்கிப்புழுவும் மலேரியாவும் சேர்ந்துகொண்டன. மலேரியாக் கிருமி நஞ்சுக்கொடியில் தங்கிக் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும் இயல்புடையது. 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழித்த வரலாறு, தொழிலாளரின் உயிரைக் காத்த வரலாறாகவே சொல்லப்படுகிறது. பிறவாத குழந்தைகளின் மூளையைக் காத்த வரலாறும் அதுவே. ஆயாக் கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டு நிரைக்குச் சென்று பால்வெட்டிய தாயின் பிள்ளை பள்ளியில் பின்தங்கியபோது, அப்பிள்ளைக்குக் கருவிலே திரு இல்லை என்றவர்கள், அந்தத் தாய்க்கு உணவிலே இரும்பு இருந்ததா என்று கேட்டதில்லை.

செவியும் கருவும்

தாயின் வயிற்றிலிருந்தே கல்வி பெற்ற பிள்ளைகளைப் பற்றிய கதைகள் மக்களிடையே பெரிதும் வழங்குகின்றன. நாரதர் தாய்க்கு உரைத்ததைப் பிரகலாதன் கருவிலிருந்து கேட்டான் என்று பாகவதம் கூறும். அபிமன்யு சக்கர வியூகத்தில் நுழையும் முறையைக் கருவிலிருந்து கேட்டான் என்றும், தாய் உறங்கிவிட்டதால் வெளிவரும் முறையைக் கேளாது போனான் என்றும் கதை சொல்வர். இக்கதைகளை ஆதாரமாகக் காட்டி, கருவுற்ற பெண் கணிதமும் அறிவியலும் கேட்டால் குழந்தை மேதையாகும் என்று கூறுவோர் இன்று பெருகியுள்ளனர். அதற்கெனப் பொருள் பெற்றுப் பயிற்சி நடத்துவோரும் உளர்.

குழந்தை கருவில் கேட்கிறது என்பது உண்மை. ஆறாம் மாதத்திற்குப் பின்னர் செவி தொழிற்படத் தொடங்குகிறது. 1986ஆம் ஆண்டில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் உளவியலார் இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். கருவுற்ற இறுதி ஆறு வாரங்களில் தாய்மார் ஒரு கதைப்பகுதியை நாள்தோறும் உரக்கப் படித்தனர். பிறந்த குழந்தைகள் அப்பகுதியைப் பிற பகுதிகளினும் விரும்பிக் கேட்டன. பிறந்து இரண்டே நாளான குழந்தைகள் பிற மொழியினும் தாய்மொழியை விரும்பிக் கேட்கின்றன என்பது 1993ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு.

ஆனால் குழந்தை அறிவது ஓசையின் ஏற்ற இறக்கமும் குரலின் இயல்புமேயன்றிச் சொல்லின் பொருளன்று. வியூகத்தை உடைக்கும் முறை கருவினுள் செல்வதில்லை. தாயின் குரல் செல்கிறது. தாய்மொழி என்னும் சொல் உருவகமாக மட்டும் அமையவில்லை என்பதை இதனால் உணரலாம். பள்ளிக்கு வரும் தமிழ்க் குழந்தை, பிறப்பதற்கு முன்பே தமிழோசையில் மூன்று மாதம் பழகிய குழந்தை. தமிழாசிரியருக்கு இதனினும் பெரிய செய்தி வேறில்லை. கதை கூறும் அற்புதத்தை விடச் சோதனை காட்டிய உண்மை சிறியதாயினும், பயன் மிகுந்தது.

தாயின் மனநிலையும் இங்கு எண்ணத்தக்கது. சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு தொடங்கி, சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய இனங்களைச் சேர்ந்த 1,200க்கு மேற்பட்ட கருவுற்ற மகளிரைக் கொண்டு கஸ்டோ என்னும் நெடுங்கால ஆய்வு நடத்தப்பட்டு வருகிறது. கருவுற்ற காலத்தில் மனச்சோர்வு மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு, உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் நுண்ணமைப்பில் வேறுபாடு காணப்பட்டதாக அவ்வாய்வு 2013ஆம் ஆண்டில் தெரிவித்தது. வேறுபாடு என்றால் ஊனம் என்பதன்று. எனினும், வளைகாப்பில் வளையல் ஓசை மூளையை வளர்க்கும் என்று விளக்கம் தேடுவதை விட, உறவினர் கூடி அப்பெண்ணுக்கு உணவும் ஓய்வும் மகிழ்ச்சியும் அளித்தல் நன்று என்று கொள்வது அறிவுக்குப் பொருந்தும்.

பத்துத் திங்கள்

மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கருவில் உள்ள உயிர் முதல் திங்கள் தொடங்கிப் பத்தாம் திங்கள் வரை ஒவ்வொரு திங்களிலும் நேரும் இடர்களினின்று தப்பிப் பிழைப்பதை வரிசையாகக் கூறுகிறார். கருக்காலத்தைக் காவல் நிறைந்த கோட்டையாகக் காணாமல், இடர் நிறைந்த வழியாகக் கண்டது அவ்வடிகளின் சிறப்பு. ஆயினும் அவ்வடிகளில் பேசப்படுவது உயிரின் பயணம். தாய் பெரும்பாலும் அவ்வுயிர் தங்கும் இடமாகவே நிற்கிறாள். பத்தாம் திங்களைக் கூறும்போதுதான் தாயும் சேயும் ஒன்றாகப் படும் துன்பம் பாடலில் இடம்பெறுகிறது. திருமூலரிடத்தும் தாய் ஒரு வயிறாகவே இருக்கிறாள். குழந்தைக்காகவே தாயைக் காணும் இப்பார்வை பழம் பாடல்களோடு முடிந்துவிடவில்லை. இன்றைய மருத்துவ அறிவுரைகள் பலவற்றிலும் அது தொடர்கிறது.

இப்பார்வை போதாது என்பதை மருத்துவமே காட்டியுள்ளது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் மூலமாகிய நரம்புக் குழல், கருவுற்று ஏறத்தாழ 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றதை உறுதியாக அறிவதற்குள் அவ்வேலை முடிந்துவிடுகிறது. அக்குழல் சரியாக மூடாவிடில் பெருங்குறை விளையும். அக்குறையுள்ள குழந்தையை முன்னர்ப் பெற்ற தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடத்தப்பட்டு, 1991ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து வெளியான சோதனை, கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டால் அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறையும் என்று காட்டியது. கரு உண்டான பின் பேணத் தொடங்கினால் போதும் என்னும் கருத்து இங்கே வீழ்கிறது. குழந்தையின் மூளை, தாயாகப்போகும் பெண்ணின் அன்றாட உணவில் தொடங்குகிறது. எனவே அவள் பேணப்பட வேண்டுவது குழந்தைக்காக மட்டுமன்று; அவளுக்காகவே.

பஞ்சம் காட்டிய மறுபக்கம்

இவ்வளவையும் கேட்டபின், தாய் பட்டினி கிடந்தால் பிள்ளை மந்தனாவது உறுதி என்று எவரேனும் முடிவு செய்வாராயின் அதுவும் பிழை. 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி நகரங்களில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் குறைந்த உணவே பங்கீடாகக் கிடைத்தது. அக்காலத்தில் கருவிலிருந்த ஆண் மக்கள் 19 வயதில் படைச் சேர்க்கைக்காகச் சோதிக்கப்பட்டனர். 1972ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, பஞ்சத்தில் கருவிலிருந்தவருக்கும் பிறருக்கும் அறிவுத் தேர்வில் வேறுபாடு காணப்படவில்லை. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவரிடையே சிலவகை மனநோய் இருமடங்காயிற்று என்பது பின்னர்த் தெரிந்தது. ஆயினும் பெரும்பாலோரின் கற்கும் ஆற்றல் கெடவில்லை. பஞ்சம் சில திங்களில் நீங்கியது. பிறந்தபின் உணவும் பள்ளியும் கிடைத்தன.

எனவே கரு, விதி எழுதும் ஏடன்று. அங்கே நேரும் சில குறைகள் மாற்ற இயலாதவை. அவற்றை முன்கூட்டியே தடுத்தல் வேண்டும். பல குறைகளைப் பிறந்தபின் உணவாலும் அன்பாலும் கல்வியாலும் ஈடுசெய்யலாம். எந்தக் குழந்தை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வகுப்பறையில் முகம் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. அவ்வாறிருக்கக் கருவிலே திரு இல்லை என்று தீர்ப்பளிப்பது அறியாமையே.

அத்தீர்ப்பின் சுமை இறுதியில் தாயின் தலைமேல் விழுகிறது என்பதையும் மறத்தல் கூடாது. குழந்தை பெருத்துவிட்டால் மகப்பேறு கடினமாகும் என்று அஞ்சி, கருவுற்றவளுக்கு உணவைக் குறைக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளும் அவளே. பின்னர்ப் பிள்ளை பின்தங்கினால் பழிக்கப்படுபவளும் அவளே. ஜிமி பள்ளத்தாக்கின் தாய்மார் தம் நிலத்தில் அயோடின் இல்லாததற்கும், மினமாட்டாவின் தாய்மார் கடலில் பாதரசம் கலந்ததற்கும் பொறுப்பாவாரோ?

தமிழாசிரியர் செய்யத்தக்கவை இரண்டு உண்டு. இப்பாடல்களைக் கற்பிக்குங்கால், அவற்றின் சுவையோடு அவை கேட்ட வினாவையும், அவ்வினாவுக்குப் பிற்காலம் கண்ட விடையையும் மாணவருக்கு எடுத்துக் கூறலாம். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியருள் முகம் வெளுத்துச் சோர்ந்திருப்பவளைக் கண்டால், சோம்பேறி என்று கடிந்துகொள்ளாமல், அவள் காலையில் உண்டு வந்தாளா என்று வினவலாம். திரு என்பது செல்வம். கருவிலுள்ள குழந்தைக்குத் தாயின் குருதியில் உள்ள உப்பும் இரும்புமே முதற் செல்வம். அச்செல்வத்தை அவளுக்கு ஈட்டித் தருதல் குடும்பத்தின் கடமை, ஊரின் கடமை, அரசின் கடமை.